சார்ஜா அட்டையும் சுவாமிமலை அம்மனும்

இரண்டு நாடுகளின் காகித வணிகத்தை ஒப்பிட வேண்டுமென்றால் படித்தவர்கள் புள்ளிவிவரத்தைத் தேடுவார்கள். கலந்தர் படித்தது எட்டாவது. சார்ஜாவில் ஒரு பழைய அட்டைக் கிடங்கின் வாசலில் பதினொரு வருஷம் நின்றே அந்த ஒப்பீட்டை முடித்துவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த 1988இல், கடைகள் வீசிய பெட்டிகளை அழுத்திக் கட்டி மாதம் ஒரு கண்டெய்னர் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். இந்தியா இறக்குமதிக்குக் கதவைத் திறந்தபின் அது நான்காயிற்று, தொண்ணூற்றெட்டில் முப்பது. சார்ஜாவில் மரமும் இல்லை, ஆறும் இல்லை. அட்டை மட்டும் மலையாகக் குவிந்தது. இரண்டும் இருந்த நம் நாட்டின் காகித ஆலைகள் அந்தக் குப்பைக்காகக் கப்பலைப் பார்த்துக் கிடந்தன. போன குப்பை புது அட்டையாகி, பனியன் பெட்டியாக அதே சார்ஜாவில் வந்து இறங்கியது. இதில் யார் விற்கிறவர், யார் வாங்குகிறவர் என்பது கலந்தருக்குப் பிடிபடவில்லை. நடுவில் நிற்பவன் பிழைப்பான் என்பது மட்டும் பிடிபட்டது.

1999 வைகாசியில் விடுப்பில் கும்பகோணம் வந்தவர், வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பெட்டி செய்ய உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செத்துவிடும். அதற்குள் நிலையான ஆர்டர் கிடைத்தால் ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் மறுபடி விமானம்.

"ஊருல அவங்கவங்க செண்டு கொண்டாருவாங்க, கம்பளி கொண்டாருவாங்க. எனக்கு வாய்ச்சவரு அட்டையோட வந்திருக்காரு" என்றாள் மனைவி ஹமீதா பானு. சொல்லிவிட்டு அவளே பசையும் காய்ச்சினாள்.

ஐந்து மாதம் மிட்டாய்க்கடைப் பெட்டிகளோடு போயிற்று. ஐப்பசியில் சுவாமிமலைச் சிற்பி அமிர்தலிங்கம் தேடி வந்தார். சிலைகளை மரப்பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பினால் கனத்துக்கே கட்டுப்படியாகவில்லை.

"ஒரு அடி அம்மன் ஒண்ணு தர்றேன் பாய். கட்டி ரெண்டு நாள் போட்டுவைப்போம். தாங்குச்சுன்னா எல்லாம் உங்ககிட்டதான்."

கலந்தர் ஐந்தடுக்கு அட்டையில் பெட்டி செய்தார். அந்த மாதிரிப் பெட்டிமேல் ஏறி நின்று சார்ஜாவில் டீ குடித்திருக்கிறார். சிற்பியின் பட்டறையில் அம்மனை உள்ளே வைத்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் தூக்கியதும் அடிப்பக்கம் பிய்ந்தது. அம்மன் பட்டறையின் வண்டல் மண்ணில் சொத்தென்று உட்கார்ந்தாள். மூக்கு தப்பியது.

"அம்பாளே எறங்கி நடக்குறேன்னுட்டா" என்றார் சிற்பி.

வெளியே அடைமழை. ஆனால் பெட்டிமேல் ஒரு சொட்டு பட்டிருக்கவில்லை. கலந்தர் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சிலைகளைக் கட்டுகிற நாகம்மாள் பெட்டிக்குள் கைவிட்டு, அம்மனைச் சுற்றி அடைத்திருந்த வைக்கோலை அள்ளி அவர் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாருங்க பாய். மழையில அறுத்த குறுவை வைக்கோலு. இதை வச்சு அடைச்சா எந்த ஊரு அட்டை தாங்கும்?"

வயல்களுக்கு நடுவே பிறந்தவர்தான் கலந்தர். மழையில்லாத நாட்டில் பதினொரு வருஷம் இருந்ததில், ஈரம் உள்ளிருந்தும் வரும் என்பது மறந்துபோயிருந்தது.

"வைக்கோல் இல்லாம சாமி எப்பிடிப் பயணம் போகும்?" என்றார் சிற்பி.

"ஏன், பாய் கொட்டாயில வெட்டுன அட்டைத்துண்டு கெடக்குமில்ல? கீறி அடைங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. இப்ப விழுந்ததுக்கே கோவிச்சுக்கலியே!" என்றாள் நாகம்மாள்.

விசாவுக்கு ஒன்பது நாள் பாக்கியிருந்தது. கீறிய அட்டையைச் சுற்றி அடைத்த இரண்டாவது பெட்டி, அதே மழையில் நான்கு நாள் இருந்தும் கல்லாக நின்றது. சிற்பி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு அறுபது பெட்டி சொன்னார்.

விசா முடிந்த அன்று கலந்தரும் ஹமீதா பானுவும் கொட்டகையில் அட்டை கீறிக்கொண்டிருந்தார்கள். சார்ஜாவிடமும் அவர் நன்றி மறந்தவரில்லை. அந்த நாட்டை யாரும் குறை சொல்ல விடமாட்டார். ஆனால் "தொழில் எங்க பாய் கத்துக்கிட்டீங்க, துபாய்லயா?" என்று கேட்பவர்களிடம் இன்றும் ஒரே பதில்தான்:

"சுவாமிமலையில. நாகம்மாக்காகிட்ட."