பெல்ட்டுக்கு மூடி கேட்டவள்

புருஷன் செத்த வருஷம்தான் கோகிலவாணி தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜவ்வரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக வந்து கொட்டும் மரவள்ளிக்கிழங்கை உரித்து, கழுவி, அரவை மிஷினில் தள்ள வேண்டும். அதிகம் பேச மாட்டாள். பக்கத்தில் நின்று வேலை செய்த கமலாவிடம் மட்டும் அக்கா, அக்கா என்று ஒட்டுதல். மதியத்தில் ஒருத்தி குழம்பை இன்னொருத்தி ஊற்றிக்கொள்வாள்.

ஒருநாள் கமலா தலையில் கட்டியிருந்த துண்டை மிஷினின் பெல்ட் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனது. பெல்ட்டுக்கு மேல் இருந்த இரும்பு மூடியை எப்போதோ கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். கிழங்குத் தோல் அடைத்துக்கொண்டால் மிஷினை நிறுத்தாமலே கையை விட்டு வழித்தெடுக்க அதுதான் வசதி. மூடியைத் திரும்ப மாட்டச் சொல்லி மேஸ்திரி சுப்புராயனிடம் கோகிலவாணி போய்க் கேட்டாள்.

"துண்டுதான போச்சு? தல கீது இல்ல?" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கமலாவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆலை வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில் தொழிற்சாலை ஆய்வாளரின் போன் நம்பர் இருந்தது. பெல்ட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். தன் பேரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அதிகாரி வருவதற்குள் ஆலைக்குத் தகவல் வந்துவிட்டது. பெல்ட்டின் மேல் பச்சை பெயிண்ட் அடித்த மூடி உட்கார்ந்திருந்தது. முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதிகாரி, "இங்க கோகிலவாணி யாரும்மா? புகார் குடுத்தது நீங்கதான?" என்று கேட்டார். மற்ற பெண்களை விசாரித்தபோது, மூடி எப்போதும் இருக்கிறது என்றார்கள் எல்லோரும். கமலா தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னாள். ஆனாலும் படம் இருந்ததே! சில குறைகளைச் சரிசெய்யும்வரை ஆலை ஓடக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்.

கிழங்கு வந்து குவிகிற சமயம் அது. குவியல் அழுகி நாறியது. கூலி இல்லாமல் உட்கார்ந்திருந்த பெண்கள், வீட்டு வாசலுக்கே வந்து அவளைத் திட்டிவிட்டுப் போனார்கள். ஆலை மறுபடி ஓடத் தொடங்கியதும் பச்சை மூடி மூலைக்குப் போனது.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. "உனுக்குத்தான் அந்த மிஷினப் பத்தி எல்லாம் தெரியுதே. இனிமே நீயே அதுகிட்ட நில்லு" என்றார். அவளும் நின்றாள். யாரும் அவளோடு பேசுவதில்லை. சாப்பிடும்போது கமலா தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள்.

ஒருநாள் தோல் அடைத்துக்கொண்டது. கோகிலவாணி மிஷினை நிறுத்தப் போனாள். நிறுத்தினால் நேரம் போகும் என்று தடுத்த சுப்புராயன், கமலாவைக் கூப்பிட்டு வழிக்கச் சொன்னார். கமலா கையை விட்டாள். கோகிலவாணி பாய்ந்து சுவிட்சை அணைத்தபோது கமலாவின் வலது கை முழங்கை வரைக்கும் போய்விட்டிருந்தது.

கமலா வழித்துக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போட்டவள் கோகிலவாணிதான் என்று சுப்புராயன் போலீசில் சொன்னார். பெண்கள் எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள்.

கோகிலவாணி ஆஸ்பத்திரிக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனாள். கமலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உன் பேரச் சொல்லச் சொன்னாங்க, சொல்லிட்டேன். எம்பொண்ணு ரம்யாவுக்கு வேல தரேன்னாங்க. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு?"

இடது கையால் கமலாவுக்கு இட்லி டப்பாவைத் திறக்க வரவில்லை. கோகிலவாணி திறந்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

கேஸ் இன்னும் நடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எந்த ஆலையும் கோகிலவாணியைச் சேர்ப்பதில்லை. மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருக்கிறாள். ரம்யாவுக்கு ஆலையில் வேலை கிடைத்துவிட்டது என்றும், அவளை அந்த அரவை மிஷினிலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்றும் கரும்புக்காட்டில்தான் கேள்விப்பட்டாள். அருவாளைக் கீழே வைத்துவிட்டு ரம்யாவுக்குப் போன் போட்டாள்.

குரலைக் கேட்டதும் ரம்யா, "எங்கம்மா கைய எடுத்தது பத்தலயா ஒனுக்கு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.