மேல்கட்டையையே தொட்ட தவமலர்

தவமலருக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் முப்பது வருடம் தேயிலைக்காட்டிலேயே போய்விட்டது. கடைசிப் பதினோரு வருடமாகக் கொழுந்து வெட்டும் மிஷினின் ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை உமாதேவி பிடிப்பாள். வரிசைக்கு இருபுறமும் நின்று, செடிக்கு மேலே அதைத் தூக்கிக்கொண்டு ஒரே நடையாக நடக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு ஒத்துப்போக மாட்டார்கள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் கேலி பேசுவார்கள்.

ஜனவரி மழையில் தவமலர் சரிவில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவே மறுத்தன. விரலுக்கு ஓயாமல் வேலை கொடுங்கள் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். ஏப்ரல் கடைசியில் டாக்டர் பார்ப்பார். பிடி வந்திருந்தால் மிஷினுக்குத் திரும்பலாம், இல்லாவிட்டால் அதோடு சரி.

பந்து இரண்டே நாளில் அலுத்துவிட்டது. பொறுமைக்கும் தவமலருக்கும் என்றைக்குமே ஆகாது. விஷயம் தெரிந்து உமா ஒரு சின்ன வீடியோ விளையாட்டுப் பெட்டியோடு வந்தாள்.

"எம்மவன் அகிலன் சின்னப்புள்ளையில விளையாண்டதுக்கா. அவன் சிங்கப்பூர் போனதுலேருந்து அலமாரில சும்மாதான் கெடக்கு. இந்தக் குச்சியால தொட்டா போதும் லா."

திரையில் கீழிருந்து நிறநிறமாகக் கட்டைகள் ஏறிக்கொண்டே வரும். இடம் மாற்றி ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் மறையும். உச்சியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. தவமலர் பன்னிரண்டு நாள் தோற்றாள். பெட்டியைத் திட்டினாள், பெட்டி செய்தவனைத் திட்டினாள், ஆனால் கீழே வைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த உமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேல இருக்கறதையே நோண்டறீங்களேக்கா! என்ன, கொழுந்தா கிள்ளறீங்க?"

அதேதான். மேலே இருக்கும் கொழுந்தை மட்டும் எடு, கீழே முற்றின இலையில் கை பட்டால் தெரியும் சேதி என்று பதினெட்டு வயதில் அப்போதைய கங்காணி போட்ட அதட்டல் இன்னும் விரலில் இருந்தது. கீழ்க்கட்டைகளுக்கு அவள் இத்தனை நாளும் மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாள்! குச்சியை அடியில் வைத்தாள். மூன்று நீலம் மறைந்தது. மேலே இருந்தவை சரிந்து இறங்கி, தாமாகவே மூன்று சிவப்பாகச் சேர்ந்து அவையும் மறைந்தன.

"அடி ஆத்தி!" என்றாள் தவமலர்.

அதன்பிறகு அவளை யார் நிறுத்துவது? குழம்பு அடிப்பிடித்தது. புருஷன் பக்கிரிசாமி அதையும் தின்றார். முதலில் முழுக்கையால் பிடித்த குச்சி, மார்ச் முடிவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒழுங்காக நின்றது. ஏப்ரல் கடைசியில் டாக்டர் கையை அமுக்கிப் பார்த்து, "போலே கெர்ஜா" என்று மலாயில் சொன்னார். வேலைக்குப் போகலாம்! தவமலருக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது, கும்பிட்டும் விட்டாள்.

மறுநாள் காலை கங்காணி இருளப்பன் அவளைக் கண்டதும் பெருமூச்சு விட்டார்.

"வந்துட்டியா, தாயே! ஒன் கூட்டாளி என் உசுர எடுத்துட்டா. மிஷினுக்கு மூணு ஆளக் காட்டினேன், யாரோடயும் புடிக்க மாட்டேன்னுட்டா. அப்பன்னா தனியாக் கத்தரியால கொழுந்து வெட்டுன்னு அந்தச் செங்குத்துப் பக்கம் அனுப்பினேன். இத்தன மாசமா அங்கதான் கெடக்கறா."

தவமலர் திகைத்துப்போனாள். சாயந்தரம் தவறாமல் வந்து அரட்டை அடித்தவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேராகப் போய் உமாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையெல்லாம் கத்தரிக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

தோட்டத்தில் கூட்டாளிக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாக நினைத்துவிட்டதாக ஆகிவிடும். இருந்தும் தவமலர் சொன்னாள், "ரொம்ப நன்றிடி உமா." சொல்லும்போதே அழுதுவிட்டாள். உமாவின் கையை வலது கையால் இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதுக்கா, விடுங்க" என்றாள் உமா, சிரித்துக்கொண்டே.