அந்தக் கரைப் பாட்டு

பிரஷாந்தியை ஆறு வயதில் வள்ளத்தில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள். சண்டை முடிந்து திரும்பி வரும்போது இருபத்தெட்டு. இடையில் முழுக்க மண்டபம் முகாம். அங்கேயே படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக் கொடுத்தவள்.

மன்னார்த் தீவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தாள். சங்கீதத்துக்கு ஆள் இல்லை. பாட்டுக் குழு, பேண்ட் குழு இரண்டையும் அவள் தலையில் கட்டினார்கள். நான் மைக்செற் வாடகைக்கு விடுகிறவன். பள்ளிக்கூட விசேஷமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் நடந்ததைக் கிட்ட நின்று பார்த்தேன்.

புதுக் கட்டடத் திறப்பு விழா. கல்விக் கந்தோர் அதிகாரிகள், படை முகாம் பெரியவர், மேளமும் மெலோடிகாவும் வாங்கித் தந்த நிறுவனத்தார், எல்லாரும் வருவதாக இருந்தது. பெரிய மேளம் மூன்று அடி. உடனே பாட்டுக் குழு தேசிய கீதம் பாட வேண்டும். அவ்வளவுதான்.

ஒத்திகையில் பேண்ட் குழுப் பிள்ளை சுபத்திரா மேளத்தை மூன்று தரம் அடித்தாள். பாதிப் பிள்ளைகள் தேசிய கீதத்தைத் தொடங்கினார்கள். மண்டபம் முகாமிலிருந்து திரும்பி வந்த மற்றப் பாதி, இந்தியாவில் அந்தக் கரைப் பள்ளிக்கூடத்தில் காலையில் பாடுகிற பாட்டைத் தொடங்கியது. அங்கேயும் மூன்று அடிதானாம். சத்தம் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். பள்ளிக்கூட அதிபர் இரத்தினம் சிரிக்கவில்லை.

“விழா அண்டைக்கும் இப்பிடி நடந்தா எனக்கு விசாரணை வரும், ரீச்சர். பிறகு நீங்கள் திங்கட்கிழமை வரத் தேவையில்லை.”

“மேளத்தை விட்டுட்டுப் பாடுவமே, சேர்?”

“மேளம் தந்தவர் முன் கதிரையில இருப்பார். மேளத்தை விடுறதோ?”

அவள் நிரந்தர நியமனத்துக்குக் காத்திருந்தவள். அதிபர் ஒரு சொல் சொன்னால் அதுவும் போய்விடும்.

அன்று தொடக்கம் பின்னேரங்களில் பழக்கினாள். “என்ர வாயைப் பாக்காதேங்கோ. கையை மட்டும் பாருங்கோ. கை மேல போனா முதல் சொல்.” ஒவ்வொரு நாளும் இதே கதை.

வயர் இழுக்கப் போன இடத்தில் கேட்டேன், “ஏன் பிள்ளை, வெத்திலையோ போடுறனீ, வாயை மறைக்கிறதுக்கு?”

“போங்கோ அண்ணை,” என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

விழா அன்று மைக்கை நட்டேன். “பிள்ளையளுக்குக் கிட்ட வையுங்கோ. எனக்குக் கிட்ட வேண்டாம்,” என்றாள். விருந்தினருக்கு முதுகைக் காட்டிப் பிள்ளைகளைப் பார்த்து நின்றாள். நான் பாட்டுக் குழுவுக்குப் பின்னால் அம்பிளிபயர் பெட்டியோடு. பாட்டு மாறினால் சத்தத்தைக் குறைத்துவிடலாமென்று திருகில் கையை வைத்துக்கொண்டேன்.

மேளம் மூன்று அடி விழுந்தது. அவள் கை மேலே போனது.

அவள் வாயும் திறந்தது. உதட்டைப் பார்த்தேன். அந்தக் கரைப் பாட்டு.

திருகைத் திருப்பப் போனேன். அதற்குள் பிள்ளைகள் தேசிய கீதத்தைப் பிடித்துவிட்டார்கள். அத்தனை கண்ணும் அவள் கையில். முகாம் பிள்ளைகளும் பிசகவில்லை. அவளுக்குத்தான் கண் பிதுங்கியது. உதட்டைப் பல்லால் கடித்தபடி, கையை மட்டும் அசைத்து, கடைசி வரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

விழா முடிய அதிபர் வந்தார். “திங்கட்கிழமை கொஞ்சம் வெள்ளன வாங்கோ, ரீச்சர். பேண்டுக்கு இன்னும் நாலு பிள்ளையளைச் சேக்கவேணும்.”

அவர் அந்தப் பக்கம் போனதும் சுபத்திரா மேளத்தோடு வந்தாள்.

“ரீச்சர், நீங்கள் அந்தக் கரைப் பாட்டெல்லே பாடினனீங்கள்?”

சட்டென்று சுபத்திராவின் வாயைப் பொத்திவிட்டு, பிரஷாந்தி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, மைக்கில விழுந்ததோ?”

“ஒரு சொல்லும் விழேல்லை.”

“உண்மையாவோ?”

“பெட்டிக்குப் பக்கத்தில நிண்டவன் சொல்லுறன். இருந்து சாப்பிடு பிள்ளை.”

மரத்தடியில் போய் இருந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள். சோற்றைப் பிசைந்தாள். ஒரு கண் மட்டும், எழும்பிப் போகாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த முன் கதிரை விருந்தினர்மேலேயே இருந்தது.