எக்ஸ்ரேயில் விழுந்த சங்கிலி

எழுபதுகளின் கடைசியில் என் சின்ன மகளுக்குத் தாடைக்கு அடியில் வீக்கம் வந்து வந்து போனது. பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, எங்களோடு இருந்த மூத்த நாத்தனார் தன் தங்கச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டார். வீக்கம் வற்றவில்லை. எச்சில் சுரப்பியில் கல் இருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். தேரடித் தெருவில் இருந்த எக்ஸ்ரே அறைக்கு நாத்தனாரும் கூடவே வந்தார். பாசம் என்று நினைத்தேன்.

"செயினைக் கழட்டுங்கம்மா," என்றார் டாக்டர்.

"கழட்டினா வீக்கம் ஜாஸ்தியாயிடும் சார். கீழ இறக்கி விட்டுக்கலாம்," என்றார் நாத்தனார்.

அவர் விட்டுவிட்டார். நாக்குக்கு அடியில் மெல்லிய குழாயைச் செருகி, படத்தில் சுரப்பி தெரிவதற்கான மருந்தை ஏற்றினார். குழந்தை கதறித் துடித்தாள். நான் அவள் கைகளை அமுக்கிப் பிடித்திருந்தேன். கழுவி வந்த படத்தில், பார்க்க வேண்டிய இடத்தின் குறுக்கே, அவள் துடித்ததில் மேலேறிவிட்ட சங்கிலி வெள்ளையாக விழுந்திருந்தது.

"மறுபடியும் மருந்து ஏத்தணும். இப்பவாவது கழட்டுங்க," என்றார் டாக்டர்.

"வீக்கம் ஏறிட்டா நீங்க பொறுப்பா சார்?" என்றார் நாத்தனார்.

அப்போது குழந்தையின் வாயிலிருந்து சீழும் மருந்தும் சேர்ந்து கழுத்தில் வழிந்தன.

"ஐயோ, என் செயின்," என்று நாத்தனாரே பாய்ந்து அதைக் கழற்றினார். குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வாசலுக்கு ஓடி, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் முந்தானையால் மகளின் வாயைத் துடைத்தேன்.

இரண்டாவது படத்தில் கல் தெரிந்தது. அதை எடுத்தபின் மகள் தேறிவிட்டாள்.

எக்ஸ்ரே எடுத்த அன்று இரவு நாத்தனார் பரிமாறிய சோறு எனக்கு உள்ளே இறங்கவில்லை. இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், மரியாதையாகத்தான் பேசுகிறேன். அவர் கரண்டியை எடுத்தால் மட்டும், "நான் அப்புறம் சாப்பிடறேன் அண்ணி," என்று எழுந்துவிடுகிறேன்.