பூஜையில் வைத்த பம்பு

முக்கொம்பில் ஓடிய எங்கள் இழுவைப் படகைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். யார் மேல் கோபம் என்றால் வரிசையாகச் சொல்வேன். முதலில், அதை வாங்கிய காண்டிராக்டர்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது, தூரத்தில் கடலிலேயே நிற்கும். சரக்குத் தோணிகளை அதுவரை இழுத்துக்கொண்டு போவதற்கென்று இருந்த சின்ன நீராவிப் படகு அது. வயதாகி ஏலத்துக்கு வந்தபோது, காவிரிக் கரைக்குக் கல் போடும் வேலையை எடுத்திருந்த புத்தூர்க்காரர் வாங்கிவிட்டார். ஐம்பதுகளின் கடைசியில் அதை இரண்டாக வெட்டி, லாரிகளில் ஏற்றி வந்து, முக்கொம்பில் ரிவிட் அடித்து ஒட்டினார்கள். ஒட்டினார்கள் என்று பெயர். அந்த மூட்டில் தண்ணீர் கசியாத நாளே கிடையாது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கைப்பம்பை அடித்து இறைத்தே ஆகவேண்டும். இதைச் சொன்னால் காண்டிராக்டர், "வேர்க்காத மனுஷன் உண்டாய்யா?" என்பார்.

நான் அதில் இன்ஜின் டிரைவர். வீடு ஸ்ரீரங்கத்தில். விடியற்காலையில் கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, குளித்தலை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் பாய்லரைப் பற்றவைப்பேன். படகோடு நாகப்பட்டினத்திலிருந்தே வந்து, கரைக் கொட்டகையில் தங்கியிருந்தவர் ஒருவர்தான், சுக்கான் பிடிக்கிற பாய். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கடலில் ஓட்டிய மனிதரை ஆற்றில் கொண்டுவந்து விட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருக்கும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "தண்ணி தண்ணிதான் தம்பி" என்பார்.

கல் ஏற்றிய மிதவைகளைக் கரையோரமாக இழுத்துப்போய் நிறுத்துவது எங்கள் வேலை. வெள்ளம் வந்தால் சுழல், கோடை வந்தால் மணல். சித்திரையில் படகு மணலில் உட்கார்ந்திருக்கும், அதன் நிழலில் ஆடு படுத்திருக்கும், காண்டிராக்டர் குடையோடு வந்து, ஏன் ஓடவில்லை என்று என்னைக் கேட்பார். "ஆத்துல தண்ணி இல்லீங்க" என்று நான் ஒவ்வொரு வருஷமும் பதில் சொன்னேன். இருந்தாலும் அந்த இன்ஜின் இருக்கிறதே, தங்கம். மூன்று மிதவைகளை எதிர்வெள்ளத்தில் இழுக்கும்போதும் மூச்சு வாங்காது. அதன் மேல் எனக்கு உயிர்.

அறுபதுகளின் நடுவில் கரை மேலே ரோடு போட்டுவிட்டார்கள். கல்லை லாரியே நேராகக் கொண்டுவந்து கொட்டியது. படகைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகக் காண்டிராக்டர் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முக்கொம்பு அணைக்கட்டுப் பூங்காவைக் கவனித்துக்கொண்டிருந்த கமிட்டியிடம் நடையாய் நடந்தேன். இப்படி ஒரு படகை இந்தப் பக்கத்து ஜனங்கள் வேறு எங்கே பார்க்க முடியும், பூங்காவோடு வைத்துக் காப்பாற்றுங்கள் என்று மனு மேல் மனு கொடுத்தேன். மாதக்கணக்கில் இழுத்தடித்து, கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். படகு தன் நீராவியில் ஒரு சுற்று ஓடிக் காட்டவேண்டும். ஓடினால் பூங்காவுக்கு, இல்லையென்றால் இரும்புக்கு. பார்க்க வருகிற நாள் விஜயதசமி, மத்தியானம் மூன்று மணி. நல்ல நாளாம்.

நல்ல நாளுக்கு முதல் நாள் ஆயுதபூஜை. காண்டிராக்டர் புத்தூரிலிருந்து குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாய்லருக்குச் சந்தனம், புகைபோக்கிக்குக் குங்குமம், சுக்கானுக்கு மாலை. பூசணிக்காய் உடைத்தாயிற்று. வந்த முப்பது பேரும் பின்பக்கமாகவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து பொரிகடலையும் சுண்டலும் தின்றார்கள். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. மூட்டு முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இறங்குங்கள் என்று முதலாளி வீட்டுப் பெண்களிடம் எப்படிச் சொல்வது?

பிறகு அவர் கைப்பம்புக்கும் பொட்டு வைத்து, கைப்பிடியில் பூச்சரத்தைச் சுற்றினார்.

"முதலாளி, அது மட்டும் வேண்டாங்க. சாயங்காலம் இறைக்கணும்."

"பூஜையில வச்சதை மறுநாள் பூஜை முடியாம தொடுவாங்களாய்யா? உங்க வீட்டுல சரஸ்வதி பூஜை அன்னைக்குப் புஸ்தகம் படிப்பீங்களா?"

படிக்க மாட்டோம். தப்பித் தவறி நியூஸ் பேப்பரைப் பார்த்தால்கூட என் அம்மா பிடுங்கி வைத்துவிடுவார்.

நாலு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நானும் பாயும்தான் இருந்தோம். அவர் தரைப் பலகையைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"தம்பி, இன்னிக்குக் கொஞ்சம் வேகமா ஏறுது. நீங்க தொட வேணாம். நான் இறைக்கட்டுமா? எனக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லையே."

எவ்வளவு எளிதான வழி! அவர் ஒரு மணி நேரம் அடித்தால் முடிந்தது. நானோ அந்தப் பூச்சரத்தைப் பார்த்தேன். நாளைக்குப் போய் ஏதாவது கோளாறாகிவிட்டால், பூஜையில் வைத்ததைப் பாயை விட்டுத் தொடவைத்தான் என்று என்னைத்தானே சொல்வார்கள் என்று நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

"வேணாம் பாய். சாமிக்கு வச்சது. ஒரு வேளைதானே, தாங்கும். காலையில பார்த்துக்கலாம்."

அவர் "சரி தம்பி" என்று பலகையை மூடிவிட்டார். நான் ஸ்ரீரங்கத்துக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டேன்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மறுநாள் பூஜைக்கு வாழைப்பழமும் கையுமாகக் கரைக்குப் போனால், ஆற்றில் புகைபோக்கி மட்டும் நின்றது. குங்குமம்கூட அழியவில்லை. பாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, ஒன்றுக்கும் ஆகாத கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். காண்டிராக்டர் வந்தார். "என்னய்யா, பூஜை போட்டுமா இப்படி?" என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வாழைப்பழத்தை அவர் தலையில் வீசியிருக்கவேண்டும்.

கமிட்டிக்காரர்கள் சொன்னபடி மூன்று மணிக்கு வந்தார்கள். இந்த நாட்டில் அன்று ஒரு நாள்தான் சொன்ன நேரத்துக்கு ஆள் வந்தது. கரையில் நின்று புகைபோக்கியைப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார். தண்ணீர் வற்றியதும் மணலிலேயே வைத்து வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பாய் ஊருக்குக் கிளம்பிய அன்று நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். இத்தனை மாதமும் சொல்லாததை அன்றாவது சொல்லிவிடவேண்டும் என்று மனசுக்குள் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் தம்பி. அன்னைக்கு உங்களைக் கேட்டிருக்கவே கூடாது. நீங்க பஸ் ஏறினதும் நான் பாட்டுக்கு இறைச்சிருக்கணும். கேட்டு உங்களை மாட்டி வச்சுட்டேன்."

சொல்லிவிட்டுப் படியில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, என் பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரித்தார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டியிருக்கக்கூடாதா?