மேனேஜர் உள்ளே வரும்போது

குடுவையில் இருக்கும் எண்ணெய்க் கரைசல் வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறியதும், மேலிருந்து மருந்து சொட்டும் குழாயை மூடிவிட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் நிறம் அடர்ந்து சோதனை வீணாகிவிடும். மலேசியாவில் செர்டாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில், பல்கலைக்கழகப் பயிற்சிக்குப் போயிருந்த எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. என்னுடன் வந்த தோழியின் குடுவை மட்டும் அடிக்கடி அடர்ந்துபோகும்.

ஆலை மேனேஜர் உள்ளே வந்தால் அவள் எழுந்து நின்றுவிடுவாள். குழாய் அதுபாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அங்கே தோட்ட மேனேஜரின் கார் வந்தாலே பெரியவர்கள் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார்களாம். அலோர் ஸ்டார் நகரத்தில் கடைக்காரர் மகளாக வளர்ந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நீ எப்டிடி உக்காந்தே இருக்க? எனக்குக் கால் தானா எழும்பிடுதுலா," என்பாள் சிரித்துக்கொண்டே. மூன்றாம் வாரம் அந்தச் சிரிப்பு இல்லை. "ரிப்போர்ட்ல ஃபெயில்னு போட்டா டிகிரி போச்சு. பேசாம வீட்டுக்கே போயிடலாம்னு பாக்குறேன்."

அந்த வாரமே ஒருநாள், நிறம் மாறப்போகும் நேரத்தில் கதவு திறந்தது. அவள் பாதி எழுந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். "சார், ஒரு நிமிஷம். இன்னும் ரெண்டு சொட்டுதான்." மேனேஜர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிம்மா, முடிச்சிட்டுச் சொல்லு," என்று காத்திருந்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அவளோ அன்று மத்தியானம் கேன்டீனில் இரண்டு தட்டு மீ கோரேங் சாப்பிட்டாள். அதன்பிறகு அவள் சோதனைகள் கெடவில்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பிவைக்கிறேன். திரும்பி வருபவர்களிடம் தன்னம்பிக்கை வளர்ந்ததா என்று கேட்கச் சொல்கிறார்கள், கேட்கிறேன். வளர்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எதுவரைக்கும் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அதற்குக் காரணம் எங்கள் கடைசி நாள்.

அன்று அவளை அழைத்துப்போக வந்த அப்பா, வாசலில் காவலர் அறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் அவரைத் தேடி வந்து, "உங்க மக நல்லா செஞ்சிச்சு," என்றார். அப்பா பதறி எழுந்து தொப்பியைக் கழற்றினார். "உக்காருங்கப்பா, சார் சும்மா பேசத்தான் வந்திருக்காரு," என்றாள் அவள். அவர் உட்காரவில்லை. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். எனக்கு அவள் அப்பாமேல் கோபம் வந்தது. அவள் போய், அவர் பக்கத்தில் தானும் நின்றுகொண்டாள்.