மயில் கிறிலும் ஒரு படமும்

ஓய்வு பெற்ற பின், வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு சிறு வியாபாரம் தொடங்கினேன். வெளிநாட்டுப் பிள்ளைகள் இணையத்தில் சொன்னால், கொழும்பிலிருக்கும் தாய் தகப்பனின் பிறந்தநாளுக்கு நான் கேக்கும் பூவும் கொண்டுபோய்க் கொடுப்பேன். இணையத்தளம் அழகாகத்தான் இருந்தது. விசாரிக்கத்தான் ஆளில்லை. முன்பின் தெரியாத ஒருவனை நம்பி யார் தாயின் விலாசத்தைத் தருவார்கள்? கொண்டுபோய்க் கொடுத்ததற்குச் சாட்சியாகப் படம் வேண்டும் என்று தோன்றியது.

யுத்த காலம். ஆட்களைக் கடத்திப் பணம் கேட்டார்கள். பிள்ளை வெளிநாட்டில் என்பதை வெள்ளவத்தையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவழியாகக் கனடாவிலிருந்து ஒரு மகன் தன் தாய்க்குக் கேக் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா, விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாடிவீட்டில் தனியே காத்திருந்தார். தனக்கு ஒருவருமில்லை என்றே அயலாருக்குச் சொல்லியிருந்தார்.

கிறில் கதவைத் திறந்து கேக்கைப் பார்த்ததும் சிரித்தார்.

“சீனி வருத்தக்காரிக்குக் கேக் அனுப்பத் தெரியுது. விசாவைத்தான் காணேல்லை.”

நான் கமராவை எடுத்தேன்.

“படம் வேண்டாம் தம்பி. ஆரும் கண்டிடுவாங்கள்.”

“மகன் மட்டும்தான் பாப்பார் அம்மா. கொண்டுவந்து தந்தனான் எண்டு காட்ட வேணுமெல்லோ.”

“அப்ப பொறும், தலையைச் சீப்பால இழுத்திட்டு வாறன்.”

படத்தை மகனுக்கு அனுப்பினேன். அன்று மாலையே இணையத்தளத்தின் முகப்பிலும் போட்டேன். ‘ரொறன்ரோ மகனின் அன்பு, வெள்ளவத்தை அம்மாவின் சிரிப்பு’ என்று கீழே எழுதினேன். அந்த வரியில் எனக்குப் பெருமைகூட இருந்தது. லண்டன், பாரிஸ் என்று மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. எல்லோரும் அந்தச் சிரிப்பைப் பற்றியே எழுதினார்கள்.

சில வாரங்களின் பின் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“ரெண்டு பேர் வாசலுக்கு வந்தவங்கள் தம்பி. மகன் கனடாவிலதானே, கொஞ்சம் கதைக்கவேணும் எண்டாங்கள். ஆர் சொல்லியிருப்பினம்?”

“தெரியேல்லை அம்மா. கவனமா இருங்கோ.”

எனக்குத் தெரிந்திருந்தது. படத்தில் அவர் முகத்தோடு, கிறில் கதவின் கம்பியில் வளைத்துச் செய்திருந்த மயிலும் தெளிவாக விழுந்திருந்தது. அந்த ஒழுங்கையில் வேறெந்த வீட்டிலும் மயில் கிறில் இல்லை.

படத்தை எடுத்துவிடக் கணினியின் முன் உட்கார்ந்தேன். புதிதாகச் சிலர் விசாரித்து எழுதியிருந்தார்கள். இவர்கள் முடிவு சொல்லட்டும், பிறகு எடுக்கலாம் என்று விட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அந்த இருவரும் மறுபடி வந்து கதவைத் தட்டியதும், அம்மா இரண்டு பைகளோடு நகரின் மறுபுறம், கொட்டாஞ்சேனையில் ஓர் அறைக்குப் போய்விட்டார். அதன் பிறகே படத்தை எடுத்தேன். அதற்குள் எனக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள், படம் தேவைப்படவில்லை.

அடுத்த பிறந்தநாளுக்கும் மகன் என்னிடமே சொன்னார். கொட்டாஞ்சேனை அறையின் கதவைப் பாதி திறந்து, நான்தான் என்று கண்டபின்னரே அம்மா மீதியைத் திறந்தார். மெலிந்திருந்தார்.

“நான் இஞ்ச இருக்கிறது மகனுக்கும் உமக்கும்தான் தெரியும் தம்பி. வேற ஒருத்தரையும் நம்பேலாது.”

நான் கேக்கை மேசையில் வைத்தேன்.

“படம் எடுக்கேல்லையோ? என்ர முகத்தைக் கண்டால்தான் அவன் நிம்மதியா இருப்பான்.”

அவர் சீப்பைத் தேடத் தொடங்கினார்.

“கமரா பழுதாப் போச்சு அம்மா” என்றேன்.

கமரா என் பைக்குள்தான் இருந்தது.